நான்கு விரற்கடை

ஜைத் தம்பிக்கு, பத்ரிநாராயணன் எழுதுவது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு டிப்ளமோ பிள்ளைகளுக்காக, டைட்டானியத்தைச் சூட்டில் அழுத்தும்போது கிரெய்ன் என்ன வேலை செய்கிறது என்று எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். போன வாரமே தந்திருக்க வேண்டும். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், எழுதவும் பிடிக்கும். அதனால் தாமதத்துக்கு வழக்கமான சாக்கு எதுவும் சொல்ல முடியாது. எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் ஓர் உதாரணம் தேவைப்படுகிறது. என்னிடம் இருப்பது ஒரே உதாரணம்தான்.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். எந்த உலோகமும் உள்ளே சின்னச் சின்ன மணிகளாகத்தான் இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு துண்டை வெட்டி, தேய்த்துக் கண்ணாடி போலாக்கி, அமிலம் தொட்டு வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். அந்த மணிதான் கிரெய்ன். அது பொடியாக இருந்தால், சூட்டில் அழுத்தும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிரம்பும். பெரிதாக இருந்தால் முரண்டு பிடிக்கும், ஓரத்தில் வெடிக்கும். போளிக்கு மைதாவைப் பிசைந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் மெலிதாக இழுபடும். ரவையைப் பிசைந்து அதே மாதிரி இழுத்தால் ஓரமெல்லாம் கிழிந்து போகும். என் மனைவி கனகவல்லி சமையலறையில் செய்து காட்டியதுதான் இது. கல்லூரியில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நம்மிடம் வரும் டைட்டானியக் கலவை பொடிக் கிரெய்னோடுதான் வருகிறது. நாம் 940 டிகிரியில் அழுத்துகிறோம். ஆயிரத்தைத் தாண்டவிட்டால் உள்ளமைப்பு மாறி, கிரெய்ன் மளமளவென்று வளர்ந்துவிடும். சில நிமிடங்கள் போதும். அப்படி வளர்ந்ததை ஆறவைத்து மறுபடி 940க்குக் கொண்டுவந்தாலும் அது பழையபடி சுருங்காது. வெளியே அதே நிறம், அதே எடை, அதே அளவு. இதைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

இதுவரை உள்ள பக்கத்தை அவர்களுக்குக் கொடுக்கலாம். மிச்சம் உங்களுக்கு.

2005ஆம் வருஷம் நீங்கள் துபாயில் இருந்தீர்கள். பம்மல் ஷெட்டில் உங்கள் வாப்பா அப்துல் ரசாக் பாய், நான், பிரஸ்ஸில் குப்புராஜ், இன்னும் ஒன்பது பேர். குப்புராஜை உங்களுக்குத் தெரியும். இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி எண் குறித்துக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிடுகிறாரே, அவர்தான். நேரில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவர் என்று வருகிறது. நான்கு வருஷம் தாமதமாக வருகிறது.

அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். சிறு வயதில் ஒரு பட்டறையில் பொறி தெறித்து இடது கண் போய்விட்டது. அதில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் உலைக்குள் பார்ப்பார். 940ஐ அவர் பப்பாளி என்பார். நன்றாகப் பழுத்த பப்பாளியை அறுத்தால் உள்ளே தெரியும் நிறம். அதற்கு மேலே போனால் மாம்பழம். கீழே இறங்கினால் செங்கல். மூன்றே வார்த்தைதான், ஆனால் அந்த மூன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து டிகிரிக்கு அவர் தவறியதில்லை.

நான் சேர்ந்த முதல் மாதமே இதை அனுபவித்தேன். மீட்டர் 940 காட்டுகிறது, குப்புராஜ் துண்டை எடுக்க மாட்டேன் என்கிறார், இன்னும் செங்கல்தான் என்கிறார். நான் மெட்டலர்ஜி படித்தவன். பாயிடம் போய்ச் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார், குப்புராஜைப் பார்த்தார், கிண்டியிலிருந்து ஆளை வரவழைத்து மீட்டரைச் சோதித்தார். முப்பது டிகிரி தப்பு. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. குப்புராஜ்கூட, புது மீட்டர்னா அப்டித்தான் சார் என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம்தான் எனக்கு ஆகவில்லை. அன்றைக்கே உலைக்குப் பக்கத்தில் பலகை மாட்டினேன். மீட்டரையும் அதன் குச்சியையும் பத்ரிநாராயணன் தவிர யாரும் தொடக் கூடாது. இரண்டாவதாக ஒரு கையடக்க மீட்டர் வாங்கி வைக்கலாமா என்று பாய் கேட்டதற்கு, தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

குச்சி என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். உலையின் பின்சுவரில் ஓட்டை போட்டு உள்ளே செருகியிருக்கும் பென்சில் கனத்து வெப்பமானி. அதன் நுனி உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே இழுத்துவிட்டால் நுனி சுவர்ச் செங்கல்லுக்குள் ஒதுங்கி, உள்ளே இருக்கும் சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். மீட்டர் அதை நம்பி இன்னும் எரி என்று உலைக்குச் சொல்லும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையும் ரமலானும் ஒரே மாதத்தில் வந்தன. பாய் நோன்பு. ஆனாலும் எப்போதும் போல பொரி, கடலை, பூசணிக்காய், மாலை எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, பூஜை நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூஜை செய்வது நான். ஒவ்வொரு கருவியையும் நானே துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு வைப்பேன். இந்த வேலையை நான் யாருக்கும் விட்டதில்லை. உலை ஆறியிருந்தது. குச்சியை வெளியே உருவித் துடைத்தேன். அதன் நடுவில் சந்தனம் தடவி நல்ல வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். திரும்பச் செருகும்போது பொட்டு ஓட்டையின் விளிம்பில் உரசும் போலிருந்தது. சாமிக்கு வைத்தது அழியக் கூடாது என்று அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். நான்கு விரற்கடை வெளியே நின்றது. நான் செய்ததில் தவறுதலாகச் செய்தது அது ஒன்றுதான். அது மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை.

மறுநாள் விஜயதசமி. நம் ஷெட் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல நாள் என்று உலையைப் பற்றவைத்து, கையிலிருக்கும் வேலை முழுவதையும் உள்ளே ஏற்றி, ஒரே ஒரு துண்டை மட்டும் அழுத்திவிட்டு, மற்றதை வெளியே எடுத்து ஆறப்போட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். 940இல் ஒரு முறை கூடுதலாகச் சூடேறி இறங்குவதால் ஒன்றும் ஆகாது. அப்போது கையிலிருந்தது ஐதராபாத் வேலை. இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே வைக்கும் தண்டு. நாற்பத்தெட்டுத் துண்டு. டைட்டானியத்தை அவர்களே அனுப்பியிருந்தார்கள். அந்த வேலை நிலைத்தால் ஷெட்டே மாறிவிடும் என்று பாய் நம்பிக்கொண்டிருந்தார்.

குப்புராஜ் உலைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"சார், மாம்பழத்துக்குப் போய்க்கினு கீது. கொஞ்சம் எறக்கிக்கலாமா?"

நான் மீட்டரைக் காட்டினேன். 940. பலகையையும் காட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் முதல் துண்டை எடுத்து அழுத்தினார். அது வெண்ணெய் போல இறங்கியது. ஆயிரத்துக்கு மேல் டைட்டானியம் அப்படித்தான் குழையும், அதில் ஏமாந்துவிடக் கூடாது. பொரியை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். குப்புராஜ் மட்டும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்ளோ சுளுவா போகக்கூடாதே சார் என்றார். நல்ல நாள் அதுவுமாக ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர் சொன்னது என்னை விடவில்லை. மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து ஒரு துண்டை வெட்டித் தேய்த்து அமிலத்தில் வைத்தேன். மைக்ராஸ்கோப்புக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. கிரெய்ன் வெறும் கண்ணுக்கே தெரிந்தது, ஒவ்வொன்றும் கல்லுப்பு அளவில். உலைக்குப் பின்னால் போனேன். குச்சியில் என் பொட்டு அப்படியே இருந்தது, கொஞ்சம் கருகி. அதைப் பிடித்து உள்ளே தள்ளினேன். பொட்டு அழிந்தது. வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இப்போது இந்தக் கவருக்குள் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் பாயிடம் போயிருக்கலாம். மனிதர் கத்த மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஐதராபாத்துக்குத் தொலைபேசியில் சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பார், வேறு துண்டு கேட்டிருப்பார், என்னை வேலையை விட்டும் எடுத்திருக்க மாட்டார். இதையெல்லாம் அன்றைக்கே யோசித்தேன். யோசித்தபோது எனக்கு முன்னால் வந்து நின்றது பாயின் கோபம் இல்லை. புது மீட்டர்னா அப்டித்தான் சார் என்ற அந்தச் சமாதானக் குரல்தான். அதை இரண்டாவது முறை கேட்க என்னால் முடியாது என்று பட்டது. இவ்வளவு சின்னக் காரணம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் காரணம் அவ்வளவுதான்.

அதனால் மிச்சமிருந்த நாற்பத்தாறு துண்டையும் அழுத்தச் சொன்னேன். சில தப்பிக்கும் என்று நினைத்தேன். இந்த முறை குச்சி சரியான இடத்தில் இருந்தது, சூடு சரியாக 940, குப்புராஜும் பார்த்துவிட்டுப் பப்பாளி என்றார். ஆனால் வளர்ந்த கிரெய்ன் வளர்ந்ததுதானே. உலோகம் அச்சுக்குள் போக மறுத்தது. பிரஸ் முனகியது. ஓரங்கள் விரிந்தன. சாயங்காலம் பாய் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இருபத்தொன்பதில் விரிசல். மற்றதையும் நம்ப வேண்டாம், இது மனுஷன் உடம்புக்குள் போகிற சாமான் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தார். ஐதராபாத்காரர்கள் எழுத்தில் காரணம் கேட்டார்கள். காரணம் சரியாகச் சொன்னால் மறுபடி அனுப்புவதாகவும், இல்லையென்றால் வேலை வேறு இடத்துக்குப் போகும் என்றும் சொன்னார்கள்.

நான் காரணம் எழுதினேன். உலையிலிருந்து பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவதில் தாமதம், அதற்குள் துண்டு ஆறிவிட்டது, ஆபரேட்டர் நிறத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் இதெல்லாம் மிகவும் நம்பும்படியாக இருக்கும்.

குப்புராஜ் பாயிடம் போய்ச் சொன்னது ஒரே விஷயம். அன்னிக்கு, விஜயதசமி அன்னிக்கு, சூடு ஜாஸ்தி. மீட்டர் இன்னா காட்டிச்சோ எனுக்குத் தெரியாது மொதலாளி, நான் பாத்தது மாம்பழம். பாய்க்குப் பழைய மீட்டர் கதை நினைவிருந்தது. என்னைக் கூப்பிட்டு, மீட்டரைச் சோதித்துவிடலாமா என்றார். தாராளமாக என்றேன். ஆனால் அதற்கு முன் குப்புராஜின் கண்ணையும் ஒரு முறை சோதிப்பதுதானே நியாயம் என்றேன். மீட்டரை அட்டையால் மறைத்துவைப்போம், அவர் உலைக்குள் பார்த்துச் சொல்லட்டும், பிறகு அட்டையை எடுத்துப் பார்ப்போம். பாய்க்கு அது நியாயமாகவே பட்டது. குப்புராஜுக்கும்தான். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் அடித்த மழை உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூர்ச் சந்துக்குள் வந்து, குப்புராஜ் வீட்டில் இடுப்பளவு நின்றது. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் சோதனைக்கு வந்தார். தள்ளிப்போடலாமா என்று பாய் கேட்டார். குப்புராஜ்தான் வேண்டாம் என்றார். மொதல்ல இது முடியட்டும் மொதலாளி, எனுக்கு இது நெஞ்சுலயே நின்னுகினு கீது என்றார்.

நான் ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தேன். உலைக்குப் பின்னால் போய்க் குச்சியை அதே நான்கு விரற்கடை வெளியே இழுத்துவைத்தேன். விரலை வைத்து அளந்துதான் இழுத்தேன். பூஜையன்று என் கை தவறியது. அன்றைக்குக் கை தவறவில்லை.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். குப்புராஜ் கதவிடுக்கில் வலது கண்ணை வைத்துப் பார்த்தார். மாம்பழம் என்றார், ஆயிரத்துக்கு மேல இருக்கும் என்றார். சரியாகச் சொன்னார். அட்டையை எடுத்தேன். 940.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னொரு முறை என்றேன். இப்போது 900க்கு வைத்தேன். அவர் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். பப்பாளியைத் தாண்டிவிட்டது, மாம்பழத்துக்குக் கொஞ்சம் கீழே என்றார். அதுவும் சரி. அட்டையை எடுத்தேன். 900.

மூன்றாவது முறை அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு உலையைவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"எனுக்குத் தெரில சார். நீங்களே சொல்லுங்க, எவ்ளோ கீது?"

பாய் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து குப்புராஜ் பிரஸ்ஸைத் தொடவில்லை. பாய் சம்பளத்தைக் குறைக்கவில்லை, கேட்டில் உட்காரவைத்தார். குச்சியைச் சாயங்காலமே சரியாகத் தள்ளிவிட்டேன். வாரம் கழித்துக் கிண்டி ஆள் வந்து மீட்டரைச் சோதித்து மிகச் சரி என்று சான்று கொடுத்தார். நம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களே தவிர, ஐதராபாத்காரர்கள் அப்போதைக்கு வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் ஷெட்டில் குப்புராஜைத்தான் காரணமாக நினைத்துக்கொண்டார்கள். அவர் முகத்துக்கு முன் யாரும் சொல்லவில்லை.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு மனம் அரித்தது. பெருநாள் கழித்து என் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் நன்றாகச் சோதித்தார். வலது கண் தூரப் பார்வை அருமை, கிட்டப் பார்வைக்கு மட்டும் இந்த வயதில் எல்லோருக்கும் போல ஒரு கண்ணாடி போதும், படிக்கும்போது மட்டும் போட்டால் சரி என்றார். அவர் இதைச் சொன்னபோது குப்புராஜ் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய் நான் அவர் மூக்கில் மாட்டிவிட்டேன். எப்போதும் போட்டுக்கோ என்றேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்று.

குப்புராஜுக்குப் படிக்கத் தெரியாது. படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். தெரிந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். அவர் பழகிக்கொண்டார். சைக்கிளை விட்டார். சந்தைச் சாலையைக் கடக்க யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். லாரி எண்ணைப் பார்த்து வரைந்துகொள்ளும் அளவுக்காவது இருந்த பழக்கம் போய், கேட்டில் வேறொருவரைக் கூப்பிட ஆரம்பித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் மீட்டருக்கு முன்னால் மூன்று முறை தோற்ற கண்ணை அவர் எதற்காக நம்பப் போகிறார்? ஒரு நாள் கேட்டில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம், சாயங்கால வானம் மஞ்சளாக இருக்கிறதா, இல்லை எனக்குத்தான் அப்படியா என்று கேட்டார். மஞ்சளாகத்தான் இருந்தது. எனக்கு அவ்வளவு மஞ்சளாகத் தெரியவில்லையே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்காத பொய் அது. இந்தக் கடிதத்தில் எதை எழுதும்போதும் இல்லாத கூச்சம் அந்த வானத்தைப் பற்றி எழுதும்போது வருகிறது.

பாய் போன வருஷம் மவுத்தானபோது, உடலைத் தூக்கும் நேரத்தில் குப்புராஜ் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். என்னால மொதலாளிக்கு அந்த வேலை போச்சு சார் என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

இந்த வருஷம் நீங்கள் வந்து பொறுப்பெடுத்ததும் ஐதராபாத் வேலையைத் திரும்பப் பிடித்தீர்கள். வாப்பா எப்போதும் குப்புராஜ் அண்ணன் கண்ணைப் பற்றித்தானே பேசுவார், அந்தக் கண்ணைச் சரி பண்ண முடியாதா, சரியானால் அவர் மறுபடி பிரஸ்ஸுக்கு வரட்டும் என்று நீங்கள் சொன்னபோது, கேட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். கேளம்பாக்கம் பக்கத்துத் தர்ம ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போகும் பொறுப்பை என்னிடமே கொடுத்தீர்கள்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. வயதுக்கேற்ற லேசான புரை, அவசரமே இல்லை என்றார். இருப்பது ஒரு கண், சர்க்கரை வேறு இருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைத்தால் பார்வை போகும் ஆபத்தும் உண்டு, தள்ளிப்போட்டால் ஒன்றும் நஷ்டமில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நிறங்களில் ஏதாவது குழப்பம் உண்டா, புரை இருந்தால் பொருள்கள் மஞ்சளடித்துத் தெரியும் என்று கேட்டார். உண்டு என்றேன். உலையில் இருப்பதைவிட மஞ்சளாகத் தெரிகிறது என்று நான்கு வருஷத்துக்கு முன்பே சொன்னார், அதனால்தான் வேலை போனது என்றேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அப்படியென்றால் செய்வதில் அர்த்தம் இருக்கிறது, குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள் என்றார். கண்ணாடியை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அது என் சட்டைப்பையில் இருந்தது.

குப்புராஜின் மனைவி செல்லியம்மாள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்தாள். கனகவல்லி காபி கொடுத்தாள். செல்லியம்மாளுக்குப் பயம். ஒரே கண்ணு ஆச்சே என்று நான்கைந்து முறை சொன்னாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு சார், நீங்க சொன்னா கேப்பாரு. நீங்களே சொல்லுங்க, செஞ்சிக்கலாமா வேணாவா?"

செய்துகொள்ளச் சொன்னேன்.

இதில் நான் யோசிக்காமல் எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், கண்ணாடியையும் கழற்றிவிடுவார்கள். பளிச்சென்று தெரியும். உலைக்குள் பார்த்துப் பப்பாளி என்பார், மீட்டர் 940 காட்டும், எல்லோரும் ஆபரேஷனால்தான் என்பார்கள். அவர் பிரஸ்ஸுக்கு வந்துவிடுவார். உங்களுக்கு ஆள் கிடைக்கும். அவருக்கு மரியாதை கிடைக்கும். நான் எடுத்துக்கொண்டதை அவரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடியும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். குச்சியை வெளியே இழுத்தவன் நான், இரண்டு முறையும். அந்தக் கண்ணில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அந்த ஷெட்டில் சரியாகப் பார்த்தது அது ஒன்றுதான், அது பார்த்ததை அதன் சொந்தக்காரரே நம்பாதபடி செய்தவன் நான். எந்தத் தண்டனைக்கும் சம்மதிக்கிறேன். இதை எழுதி முடித்ததும் மனத்தில் ஏதோ இறங்கினாற்போல இருக்கிறது, அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக் காலை எட்டு மணிக்கு வலது கண்ணில் ஆபரேஷன். படிவத்தில் பொறுப்பாளர் என்று நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நான்தான் கூட்டிப்போகிறேன். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, நோயாளி மனம் அமைதியாக இருக்க வேண்டும், அதிர்ச்சி தரும் எதையும் முன்னதாகப் பேச வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நலனை உத்தேசித்து, இந்தக் கவரை வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் மேசையில் வைக்கிறேன்.